டாக்டர் சீட்டும் கச்சேரி மேடையும்

ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு இசைத்துறைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடப் போகவில்லை. பாடுகிறவர்களுக்குத் தேதி வாங்கிக் கொடுக்க, மேடை பிடிக்க, சம்பளம் பேச, டிக்கெட் விற்கப் போகிறார். இந்தச் செய்தி விஸ்வநத்தத்தில் எந்த வேகத்தில் பரவும்? பத்தாயிரம் வாலா சரம்கூட அவ்வளவு வேகமாக ஓடி முடியாது. "படிச்ச படிப்பு என்ன, பாக்குற வேலை என்ன?" என்பார் டீக்கடையில் முதல் ஆள். "ஒரு சீட்ட வீணாக்கிட்டானே" என்பார் இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நீட் கோச்சிங்குக்குக் கட்டிய பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் இருவருக்கும் பதில் சொல்லிவிடலாம். அந்த மூன்றாவது ஆளுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

ஏனென்றால் ஒரு டாக்டரின் மதிப்பு என்ன என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இங்கே "மருந்து" என்ற சொல்லுக்கே இரண்டு அர்த்தம். ஒன்று ஆஸ்பத்திரியில் தருவது, இன்னொன்று பயர் ஆபீசில் வெடிக்குள் செலுத்துவது. இரண்டாவது மருந்து பற்றிக்கொண்டால் முதல் மருந்தைத் தேடி ஓட வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் விபத்து நடந்து ஏறக்குறைய 40 பேர் இறந்தபோது, பலத்த தீக்காயம் பட்டவர்களை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் போகும் அந்த ஒன்றரை, இரண்டு மணி நேரம் என்னவென்று இங்கே பல குடும்பங்களுக்குத் தெரியும். விருதுநகருக்கென்று ஒரு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-இல்தான் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஊரில் டாக்டர் ஒருவர் தொழிலை விட்டுப் போனால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலைப் பொறாமை என்றோ பழைய பஞ்சாங்கம் என்றோ தள்ளிவிடுவது நியாயமல்ல.

ஆனால் எரிச்சல் சரியான இடத்தில் போய் விழுகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த இன்னொரு வேலையைக் கொஞ்சம் பார்ப்போம். பாடகர் என்றால் மரியாதை உண்டு. பாட்டை நடத்துகிறவர் என்றால் "ஏஜென்ட்", "புரோக்கர்". அவ்வளவுதான். பங்குனிப் பொங்கலுக்கோ சித்திரைப் பொங்கலுக்கோ மெல்லிசைக் கச்சேரி வைத்த எந்தக் கோயில் கமிட்டியைக் கேட்டாலும் உள் விவகாரம் தெரியும். கீபோர்டு வாசிப்பவருக்கு அதே நாளில் வேறு ஊரில் கச்சேரி. பாடகி அட்வான்ஸ் வாங்காமல் வண்டி ஏற மாட்டார் (அதற்கு அவர் பட்ட அனுபவம் காரணம், குறை சொல்ல முடியாது). மைக் செட்காரர் ஜெனரேட்டர் தனி என்கிறார். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி, ஆனால் கச்சேரி ஆரம்பிப்பதே எட்டரைக்கு. இத்தனையையும் ஒருவர் தலையில் தூக்கிச் சுமந்தால்தான் முதல் பாட்டு மேடையில் வரும். கூட்டம் கைதட்டும்போது அவர் மேடைக்குப் பின்னால் யாரிடமோ பாக்கிப் பணத்துக்காகப் பேசிக்கொண்டிருப்பார். இசை என்பது குரலும் விரலும் மட்டும் அல்ல. அதற்கு ஒரு கணக்கு நோட்டும் வேண்டும். அந்த நோட்டைப் பிடிக்கும் கை கேவலமான கை என்று யார் முடிவு செய்தது?

இதே தமிழ்நாட்டில் ஒரு வைத்தியர் அந்த நோட்டைக் கையில் எடுத்திருக்கிறார். அவர் ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர்.

1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். விருதுநகர் மாவட்டத்திலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி படித்தார், அங்கேயே பிடில் கற்றுக்கொண்டார். சுருளிமலையில் கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்துச் சித்த மருத்துவம் கற்றார். பிறகு தஞ்சாவூருக்கு வந்து பள்ளி ஆசிரியராக இருந்தார். 1890-இல் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியரானார். கவனிக்க, இவர் வேலை மாறுவது இதுவே முதல் தடவை. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மாத்திரை உருட்டப் போனார் என்று அன்றைக்கும் ஒரு டீக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

வைத்தியம் அவருக்கு நன்றாகக் கைகொடுத்தது. கருணாநிதி வைத்தியசாலை என்ற பெயரில் அவர் தயாரித்த சஞ்சீவி மாத்திரைகள் நாடு முழுக்க விற்றன. தஞ்சைக்கு வெளியே பெரிய தோட்டம் போட்டார். ஊர்க்காரர்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தார்கள். சொந்தமாக அச்சுக்கூடமும் வைத்தார். 1909-இல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. ஐம்பது வயது, பணம், பட்டம், பேர். இத்தோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் நிறுத்தவில்லை. 1912-இல் தஞ்சை சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஏழு இசை மாநாடுகள்! வித்வான்களைக் கடிதம் போட்டு வரவழைப்பது, தங்கவைப்பது, சாப்பாடு போடுவது, விவாதத்துக்குத் தலைப்பு கொடுப்பது, பேசியதைப் பதிவு செய்வது, எல்லாம் அவர் பொறுப்பு, அவர் செலவு. இன்று ஒரு கலைவிழாவுக்கு ஸ்பான்சர் பிடிக்க எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது என்று கல்லூரியில் கல்ச்சுரல் செயலாளராக இருந்தவர்களுக்குத் தெரியும். பண்டிதருக்கு ஸ்பான்சர் அவர் மாத்திரைதான்.

அதுவும் எப்படிப்பட்ட மாநாடு? பாட்டுக் கேட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போகும் மாநாடு அல்ல. ஒரு ஸ்தாயிக்குள் எத்தனை சுருதி என்ற சண்டை அது. வடமொழி நூல்களின் வழியில் 22 என்று பெரிய பெரிய ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் பிரித்து வைத்துக்கொண்டு, ஆயப்பாலை, வட்டப்பாலை என்று கணக்குப் போட்டு 24 என்றார். 1916-இல் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு நடந்தபோது அங்கேயே போய் இதைச் சொன்னார். சொன்னதோடு விடாமல், மகள் மரகதவல்லி அம்மாள் உள்ளிட்ட தம் வீட்டுப் பெண்களை வைத்து இசையாகவே செய்தும் காட்டினார். 1917-இல் கருணாமிர்த சாகரம் முதல் புத்தகம் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கும் மேல். அவரே எழுதி, அவரே அச்சிட்டு வெளியிட்டது. (அச்சுத்தொழில் நடக்கும் சிவகாசிக்காரர்களுக்கு இதன் அருமை புரியும். கணக்கும் அட்டவணையுமாக நிறைந்த ஆயிரம் பக்கத்தை ஈய எழுத்தில் ஒவ்வொன்றாகக் கோத்து அடிப்பது என்றால்…)

24 சரியா, 22 சரியா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அது இங்கே முக்கியமில்லை. முக்கியமானது என்னவென்றால், மேடைக் கச்சேரியால் பிழைக்காத, பரம்பரை வித்வான் குடும்பத்தில் பிறக்காத, கிறிஸ்தவரான ஒரு நாட்டு வைத்தியர் அந்தச் சண்டைக்குக் கூடம் கட்டிக் கொடுத்தார் என்பதுதான். தன்னை மறுத்துப் பேசுகிறவர்களையும் உட்காரவைத்துப் பேசச் சொன்னார். நோயாளி சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கும் பழக்கம் வைத்தியருக்கு இருக்கும், அது அங்கேயும் உதவியிருக்க வேண்டும். தமிழிசைக்குப் பழைய வேர் இருக்கிறது என்று பிற்காலத்தில் எழுந்த குரல்களெல்லாம் இவர் புத்தகத்தைத் தொடாமல் போனதில்லை.

"அவர் வைத்தியத்தை விடவே இல்லையே" என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆமாம், விடவில்லை. 1919-இல் இறக்கும்வரை வைத்தியசாலை நடந்தது. விட வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை என்பதுதான் விஷயம்.

சென்னையிலும் இதே கதை உண்டு. மியூசிக் அகாதமி 1928-இல் தொடங்கியபோது முதல் தலைவர் யார்? பாடகர் அல்ல, ஜமீன்தார் அல்ல. டாக்டர் யு. ராமராவ். அலோபதி டாக்டர், ஆன்டிசெப்டிக் என்ற மருத்துவ இதழை நடத்தியவர், பின்னால் சென்னை மேல்சபைத் தலைவராகவும் இருந்தார். 1927-இல் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து சென்னையில் நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்ததுதான் அகாதமி. இன்று மார்கழி சீசன் என்று உலகமெங்கும் பேசப்படுவதன் ஆரம்ப நோட்டுப் புத்தகத்தில் ஒரு டாக்டரின் கையெழுத்தும் இருக்கிறது. (டாக்டர் கையெழுத்தை யார் படித்தார்கள் என்று கேட்கக் கூடாது.)

ஆக, ஒரு காலத்தில் மருத்துவத்துக்கும் இசைக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. காலையில் இந்த அறை, மாலையில் அந்த அறை. யாரும் அதை "தொழில் மாற்றம்" என்று சொல்லவில்லை, "வீணாய்ப் போனார்" என்றும் சொல்லவில்லை.

இன்று அந்தக் கதவு எங்கே? எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். பிறகு மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு. ஒரு தடவையில் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்தபின் மூன்று வருடம், இரவும் பகலும் டியூட்டி. அதற்கு மேல் சூப்பர் ஸ்பெஷாலிட்டி என்று இன்னும் மூன்று. பதினேழு வயதில் உள்ளே போகும் பையன் முப்பது வயதில் வெளியே வருகிறான். இடையில் மாலை நேரம் என்ற ஒன்றே அவனுக்குக் கிடையாது. சபாவில் உட்கார்ந்து ஒரு கச்சேரி கேட்கவே முடியாதவன் சபா நடத்துவது எங்கே? கதவு இருந்தால் நடந்து போகலாம். சுவர் மட்டுமே இருந்தால் ஏறிக் குதிக்கத்தான் வேண்டும். குதிக்கிறவனைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கிறது. சுவரைக் கட்டியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

அப்படி நிஜமாகவே குதித்தவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஜூல்ஸ் ஸ்டைன். 1896-இல் இண்டியானா மாநிலத்தில், லிதுவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிடிலும் சாக்சபோனும் வாசித்து, ஒரு சின்ன பேண்ட் நடத்தி, அந்த வருமானத்தில்தான் படித்தார். தாம் போக முடியாத கச்சேரிகளுக்கு வேறு ஆட்களை அனுப்பினார், கமிஷன் எடுத்துக்கொண்டார். 1921-இல் சிகாகோவில் ரஷ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம். வியன்னா போய்க் கண் மருத்துவம் படித்தார். திரும்பிவந்து கண் டாக்டராக வேலை பார்த்துக்கொண்டே 1924-இல் எம்.சி.ஏ. என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். (இங்கே எம்.சி.ஏ. என்றால் கம்ப்யூட்டர் படிப்பு. அங்கே அது மியூசிக் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா.) நடனக் கூடங்களுக்கு ஒரு ராத்திரிக்கு ஒரு பேண்ட் என்று அனுப்புவதுதான் தொழில். கொஞ்ச நாளிலேயே கண்ணா, கச்சேரியா என்று முடிவெடுக்க வேண்டி வந்தது. கச்சேரி ஜெயித்தது.

அவர் வைத்தியத்தைவிடக் கச்சேரியில் நிறைய சம்பாதித்தார் என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லி "பார்த்தீர்களா, எவ்வளவு பெரிய ஆளானார்!" என்று முடித்தால் அது தன்னம்பிக்கைப் புத்தகக் கதையாகிவிடும். கதையில் கறுப்புப் பக்கமும் இருக்கிறது. எம்.சி.ஏ.வில் சேர்ந்த பேண்ட் வேறு எந்த ஏஜென்ட் மூலமும் வாசிக்கக் கூடாது, எம்.சி.ஏ. பேண்டை எடுக்கும் கூடம் வேறு பேண்டை எடுக்கக் கூடாது என்ற பாணியில் ஒப்பந்தம் போட்டார்கள். எட்டுக் கையும் எட்டுத் திசையில் நீண்டதால் "ஆக்டோபஸ்" என்றே அதற்குப் பெயர் வந்தது. வழக்குகளும் வந்தன. 1962-இல் எம்.சி.ஏ. டெக்கா ரெகார்ட்ஸையும் அதனிடமிருந்த யுனிவர்சல் படக் கம்பெனியையும் வாங்கியபோது, கலைஞர்களுக்கு ஏஜென்டாகவும் அவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளியாகவும் ஒரே ஆள் எப்படி இருக்கலாம் என்று அமெரிக்க நீதித்துறை தலையிட்டது. ஏஜென்ஸியை மூட வேண்டியதாயிற்று. டாக்டராக இருந்தவர் என்பதால் ஒருவருக்குத் தனி நேர்மை வந்துவிடாது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆனாலும் அந்தப் பழைய கண் டாக்டர் ஸ்டைனுக்குள்ளேயே இருந்தார். 1960-இல் பார்வையிழப்பைத் தடுக்கும் ஆராய்ச்சிக்கென்று ஒரு அமைப்பைத் தொடங்கினார். 1966-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் கண் மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. ஒரு டாக்டராகத் தினமும் இத்தனை பேர் என்று பார்த்திருந்தால் எத்தனை கண்ணைப் பார்த்திருப்பார், இதன் மூலம் எத்தனை கண் பிழைத்தது என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பது சுலபமில்லை. ஆனால் "சீட் வீண்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் முடியாது.

பண்டிதர் மாத்திரைப் பணத்தை இசைக்குக் கொண்டுவந்தார். ஸ்டைன் இசைப் பணத்தைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். இரண்டு பேருக்கும் பொதுவானது, அவர்கள் செலவழித்தது சொந்தப் பணம் என்பது. அந்த மூன்றாவது ஆளுக்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது.

இன்று ஒரு அரசுக் கல்லூரியில் மாணவர் கட்டும் கட்டணம், அவரை டாக்டராக்க ஆகும் செலவில் ஒரு சின்னப் பங்குதான். மீதி யார் பணம்? தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியவர், வெடிக்குத் திரி வைத்தவர், ஒவ்வொரு பொருளுக்கும் வரி கட்டியவர், இவர்கள் பணம். அதனால் கேட்க வேண்டிய கேள்வி "டாக்டர் ஏன் பாட்டுப் பக்கம் போனார்?" என்பது அல்ல. "போவதற்கு முன் கடனைக் கட்டினாரா?" என்பது. அரசுப் பணத்தில் படித்தவர் இரண்டு மூன்று வருடம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில், பயர் ஆபீஸ்கள் சூழ்ந்த ஏதாவது ஒரு கிராமத்தில் வேலை பார்த்துவிட்டு, அதன்பிறகு சபா நடத்தட்டும், பேண்ட் நடத்தட்டும், ஆல்பம் போடட்டும். அதைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமையில்லை. கடனைக் கட்டாமல் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்துபோகிறவரும் சீட்டை வீணாக்கியவர்தான். என்ன ஒன்று, அவர் டாலரில் சம்பாதிப்பதால் ஊரில் அவருக்கு பிளக்ஸ் வைப்பார்கள். பாட்டுப் பக்கம் போனவருக்கு மட்டும்தான் ஏச்சு. இந்த ஓரவஞ்சனைதான் சகிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மனம் ஒட்டாமல் ஒருவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பதால் ஊருக்கு என்ன லாபம்? தலையை நிமிர்த்தாமல் சீட்டு எழுதித் தள்ளும் டாக்டரிடம் போய் வந்தவர்களைக் கேட்டால் தெரியும். நாற்காலி நிரம்பியிருக்கும், அவ்வளவுதான். அந்த நாற்காலியை விரும்பிக் கேட்பவர் வெளியே வரிசையில் நிற்கிறார். அவர் அந்த மூன்றாவது ஆளின் மகளாகவும் இருக்கலாம்.

பன்னிரண்டாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளைக்குத் தன் மனம் தெரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நாம்தான். உயிரியல் குரூப் எடுத்தால் டாக்டர், கணக்கு குரூப் எடுத்தால் இன்ஜினியர், இரண்டும் இல்லையென்றால் "என்னமோ படிக்கிறான்". அந்த "என்னமோ"வுக்குள் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்று பள்ளியில் ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தருவதில்லை. கச்சேரி நடத்துவது ஒரு வேலை, அதற்குக் கணக்கு வேண்டும், ஒப்பந்தச் சட்டம் வேண்டும், காது வேண்டும் என்று பதினேழு வயதிலேயே தெரிந்திருந்தால் சிலர் நேராக அங்கேயே போயிருப்பார்கள். ஒரு சீட்டும் மிச்சம், ஒரு மனிதரின் பத்து வருடமும் மிச்சம்.

ஆபிரகாம் பண்டிதர் இறந்தபோது கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகம் வெளிவந்திருக்கவில்லை. அது பல வருடம் கழித்துத்தான் அச்சேறியது. மாநாடு கூட்டவும், செலவுக்குப் பணம் எடுக்கவும், அச்சுக்கூடத்தை ஓட்டவும் அவரைப்போல ஒரே ஆள் அப்போது இல்லை.